வட்டிலப்பத்துக்கு மூன்று குளிசை

கனமூலை ஊரில் இஸ்ஹாக் ஆக்கிய சோற்றில் குறை கண்டவர் என்று ஒரே ஒருவர்தான் இருந்தார். அது இஸ்ஹாக். ஐநூறு பேருக்குப் புரியாணி என்றாலும் மனுசன் தராசைத் தொட மாட்டார். கிடாரத்தை ஒரு பார்வை, பந்தலில் இருக்கும் ஆட்களை ஒரு பார்வை. பிறகு உப்புச் சாக்குக்குள் கையை விட்டு அள்ளி வீசுவார். ருசி பார்க்கிற வேலையும் இல்லை. மூடியைத் தூக்கி ஆவியை மூக்கால் ஓர் இழுப்பு. "சரி" என்றால் சரிதான். புத்தளத்திலிருந்து மதுரங்குளி வரை கல்யாண வீட்டுக்காரர்கள் முதலில் இஸ்ஹாக்கிடம் நாள் கேட்டுவிட்டுத்தான் மாப்பிள்ளை வீட்டாரிடம் நாள் கேட்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டவரும் இஸ்ஹாக்தான் என்பது அவருடைய மனைவி ஸக்கியாவின் சந்தேகம்.

இரண்டு வருடத்துக்கு முன் அவருக்குச் சீனி வருத்தம் என்று புத்தளம் ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தது இரத்தத்தில். ஆனால் ஸக்கியா தேடிப் பிடித்து ஒழித்தது முழுக்க வீட்டில். சீனிப் போத்தல் அலுமாரிக்குள் போய்ப் பூட்டப்பட்டது. கருப்பட்டி தங்கச்சி வீட்டுக்குப் போனது. பெருநாளுக்குக்கூட அந்த வீட்டில் வட்டிலப்பம் அவியவில்லை. ஊருக்கெல்லாம் வட்டிலப்பம் அவித்துக் கொடுக்கிற மனிதர் தன் வீட்டில் பப்பாசித் துண்டு ஒன்றோடு எழும்ப வேண்டியதாயிற்று.

கிளினிக்கில் றோசமேரி மிஸ் என்றொரு தாதி. கற்பிட்டிப் பக்கத்து மீன்பிடிக் குடும்பத்துப் பெண். கடலில் கூப்பிட்டுப் பழகிய குரல். அவர் இஸ்ஹாக்கிடம் சொல்லாமல் ஸக்கியாவிடம்தான் சொன்னார். யாரிடம் சொன்னால் வேலை நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"அம்மா, இந்தக் குளிச காலையில ஒண்டு. போட்டு அரை மணித்தியாலத்துக்குள்ள சாப்பாடு. சாப்பாடு இல்லையா, குளிசையும் இல்ல. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது, காரணமில்லாம கோவம் வருது, சம்பந்தமில்லாமக் கதைக்கிறார் எண்டா சீனி இறங்கிட்டுது எண்டு அர்த்தம். அப்ப விசாரண வெக்காம இனிப்பான தண்ணி ஏதும் குடுங்க. பிறகு சோறு. ஆள் மயங்கிக் கிடந்தா மட்டும் வாயில ஒண்டும் ஊத்தாதீங்க, நேர இஞ்ச தூக்கிட்டு வாங்க."

"காரணமில்லாம கோவமா?" என்று ஸக்கியா கேட்டார். "அது கல்யாணம் முடிச்ச நாள்ல இரிந்தே இரிக்கி மிஸ்."

மிஸ் சிரித்தார். இஸ்ஹாக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அவர்களுடைய ஒரே மகள் ஷிஹாராவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பாலாவியைச் சேர்ந்த ரிஃபாஸ். அவனுடைய வாப்பா அத்தாஉல்லா உப்பளத்துக் கங்காணி. வெயிலில் நின்று நின்று மனிதரே ஒரு மாதிரி உப்புப் பூத்துத்தான் இருப்பார். சொந்த மகளின் கல்யாணத்துக்கு வேறு ஆளைச் சமைக்க விடச்சொல்லி ஊரே கேட்டது. இஸ்ஹாக் அசையவில்லை.

"என்ட புள்ளட நிக்காஹுக்கு மத்தவன் உப்புப் போடுறதா? அதுக்கு நான் மவுத்தாப் போகணும்."

"நல்ல நாளும் அதுவுமா அந்தக் கதைய எடுக்காதீங்க" என்றார் ஸக்கியா.

கல்யாணத்தன்று விடியச் சுபஹு தொழுத கையோடு வீட்டுக்குப் பின்னால் அடுப்பு மூட்டியாகிவிட்டது. தென்னம் மட்டை வெடித்தது. ஆட்டிறைச்சி ஒரு கிடாரத்தில், நெய்யில் வெங்காயம் ஒரு கிடாரத்தில். நீளமான பலகையில் வட்டிலப்பத் தட்டுகள் வரிசையாக அவிந்து ஆறிக்கொண்டிருந்தன. கித்துள் கருப்பட்டியும் ஏலமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அந்த வாசத்துக்கு அடுத்த வளவு நாய்கூட வேலிக்கு வந்து நின்றது. இஸ்ஹாக் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அகப்பையோடு நடுவில் நின்றார். அவருடைய கண் அடிக்கடி அந்தப் பலகைப் பக்கம் போய் வந்ததை ஸக்கியா கவனிக்காமல் இல்லை.

"இஞ்ச பாருங்க, காலச் சாப்பாடு?"

"சாப்பாடா? பத்தரைக்கி நிக்காஹ். அது முடிஞ்ச கையோட சம்மந்தியோட சஹன்ல குந்தணும். இப்ப வயித்த நிரப்பினா அங்க என்னத்தத் திங்கிற?"

"அப்ப குளிச?"

"சாப்பாட்டுக்கு அரை மணிக்கி முந்தித்தானே? பத்து மணிக்கிப் போடுவன்." அவர் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். குளிசைகளைப் பழைய ஏலக்காய் டின் ஒன்றில்தான் வைத்திருப்பார். "இண்டைக்கி ஆளுக்கேத்த உப்பு" என்று சொல்லி ஒரு சிரிப்பும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு ஸக்கியாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மகளுக்குத் தலை சோடிக்க ஆள் வந்து நின்றதால் அதைப் பின்னால் விசாரிக்கலாம் என்று உள்ளே போனார். அந்தப் 'பின்னால்' நாலு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் வந்தது.

சஹன் என்றால் ஒரே தட்டில் ஆறு பேர். சம்பந்திகள் இருவரும் ஒரே சஹனில் எதிர் எதிராக உட்கார வேண்டும். ஒருவர் கையால் வெட்டி வைக்கும் வட்டிலப்பத்தை மற்றவர் வேண்டாம் என்றால் அது மரியாதைக் கேடு. பிறகு இரண்டு தலைமுறைக்கு அந்தக் கதை நடக்கும். இஸ்ஹாக் இதைப் பல நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அரிசி கூடினால் உப்பைக் கூட்டுகிறோம். இனிப்புக் கூடினால் குளிசையைக் கூட்ட வேண்டியதுதானே? சரியாகப் பத்து மணிக்கு, உப்பு அள்ளுகிற அதே கையால் மூன்று குளிசையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். ஒன்று சோற்றுக்கு. இரண்டு வட்டிலப்பத்துக்கு.

பத்தே காலுக்கு மாப்பிள்ளையிடமிருந்து ஸக்கியாவுக்குத் தொலைபேசி வந்தது.

"மாமி, மழ வந்திட்டு!"

"இஞ்ச ரெண்டு துளிதான் மவன். நீங்க வாங்க."

"இஞ்ச கொட்டுது மாமி. உப்பு முழுக்க வெளியில குவிச்சிக் கிடக்கு. வாப்பா எல்லாரயும் எறக்கிட்டாரு. தென்னங் கிடுகு போட்டு மூடிட்டு வந்திர்றம்."

"நீங்க மாப்பிள்ள மவன்!"

"நானும்தான் கிடுகு தூக்கிட்டு இரிக்கன்" என்று அவன் சொன்னான். பின்னால் அத்தாஉல்லா யாரையோ "அந்தப் பக்கம்! அந்தப் பக்கம்!" என்று கத்துவது கேட்டது.

பருவம் தவறி வந்த மழை. உப்பளத்துக்காரர்களுக்கு அது வேறு கதை. மூன்று மாதம் வெயிலில் நின்று வாரிய உப்பு அரை மணித்தியால மழையில் வந்த வழியே போய்விடும். கோபிக்கவும் முடியாது. ஸக்கியா பந்தலில் இருந்த ஆண்களுக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். நிக்காஹ் நடத்த வந்திருந்த இனாஸ் மௌலவி "உப்பும் அல்லாஹ் தந்த நிஃமத்துத்தானே" என்று சொல்லிக் கதிரையில் சாய்ந்தார். இஸ்ஹாக் கிடாரங்களைத் தம்மிலிருந்து இறக்காமல் நெருப்பை வெளியே இழுத்தார். ஒரு கவளம் சோறு அள்ளித் தின்ன அவருக்குக் கை வரவில்லை. விருந்தாளி வாய் வைக்குமுன் சமையல்காரன் வாய் வைத்தால் பரக்கத்தும் அருளும் போய்விடும் என்பது அவருடைய முப்பது வருடத்துக் கொள்கை.

லுஹர் தொழுகையும் முடிந்து ஒன்றரை மணிக்குத்தான் மாப்பிள்ளைக் கார் வந்தது. மாப்பிள்ளையின் வெள்ளைக் காற்சட்டையில் முழங்கால் வரை சேறு. வாசலில் றோஸ் நிறச் சர்பத் நீட்டினார்கள். எல்லோரும் மடக் மடக்கென்று குடித்தார்கள். அத்தாஉல்லா மட்டும் கையை மறித்தார்.

"வேணாம், வேணாம். எனக்கிச் சீனி இரிக்கி."

"பாத்தியா, எவ்வளவு கட்டுப்பாடான மனுசன்" என்று யன்னலுக்கு உள்ளே நின்ற ஸக்கியா தன் தங்கச்சி லெய்லாவிடம் சொன்னார். "எங்கட ஆளும் இரிக்காரே."

பந்தலில் வெள்ளை விரித்திருந்தார்கள். இஸ்ஹாக் குளித்து, புதுச் சட்டையும் தொப்பியுமாக வந்து மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்தார். மௌலவி இருவருடைய வலது கையையும் சேர்த்து வைத்தார். பெண்கள் யன்னல் கம்பியில் நெற்றியை அழுத்திக்கொண்டு நின்றார்கள். உள் அறையில் கட்டிலில் ஷிஹாரா தலை குனிந்து இருந்தாள்.

"நானா, நான் செல்லச் செல்ல நீங்க செல்லுங்க" என்றார் மௌலவி, அண்ணன் முறை வைத்து. "என்ட மகள் ஷிஹாராவ…"

இஸ்ஹாக் மௌலவியைப் பார்த்தார். யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் இருந்தது.

"என்ட மகள் ஷிஹாராவ" என்று மௌலவி மறுபடியும் எடுத்துக் கொடுத்தார்.

"எறக்காதீங்க" என்றார் இஸ்ஹாக். "இன்னும் வேகல்ல."

பந்தலில் ஒரு சலசலப்பு எழுந்தது.

"என்ன நானா?"

"வேகல்லண்டு செல்றன்! யாரு மூடியத் தொறந்த? கைய எடு!" மாப்பிள்ளையின் கையை அவர் உதறினார். "கைய எடுடா!"

லெய்லா வாயைப் பொத்திக்கொண்டார். அக்காவை அவர் தாத்தா என்றுதான் கூப்பிடுவார். "தாத்தா, மச்சானுக்கு இந்த இடம் புடிக்கல்லயா? இப்பவா செல்ற?"

பந்தலிலும் அதையேதான் நினைத்தார்கள். அத்தாஉல்லா எழும்பிவிட்டார். முகம் சிவந்து, தலைப்பாகை ஒரு பக்கம் சரிந்திருந்தது.

"மழையில நனஞ்சி, உப்ப விட்டுப்போட்டு வந்தா எங்கட கைய உதர்றீங்களா? புள்ளயத் தர விருப்பமில்லாட்டி முந்தியே செல்லியிரிக்கலாமே! ரிஃபாஸ், எழும்புடா!"

"வாப்பா, கொஞ்சம் இரிங்க…"

"எழும்புடாண்டு செல்றன்!"

மௌலவி இரண்டு பக்கமும் கையை நீட்டினார். "பொறுங்க, பொறுங்க. புள்ளயக் குடுக்கிற வலிக்காரருக்குப் புத்தி தெளிவா இரிக்கணும். இல்லாட்டி நிக்காஹ் கூடாது. நானா, ஒங்களுக்கு என்ன செய்யிது?"

இஸ்ஹாக்கின் மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டி வெள்ளை விரிப்பில் விழுந்தது.

ஸக்கியா அந்தச் சொட்டைப் பார்த்தார். மழைக் காற்று. பந்தலில் எல்லோரும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு இருக்கிறார்கள். இவருக்கு மட்டும் எங்கிருந்து வேர்வை? மடியில் கிடந்த அவருடைய விரல்கள் நடுங்கின. காலையில் கேட்ட வார்த்தை அப்போதுதான் ஸக்கியாவுக்கு முழுசாக விளங்கியது. ஆளுக்கேத்த உப்பு.

"அல்லாஹ்வே, குளிசையிலயும் கைக்கணக்குப் பாத்திட்டாரு!"

"எங்க தாத்தா போறீங்க? வெளிய முழுக்க ஆம்பிளைகள்!" என்று லெய்லா மறித்தார்.

முதலில் ஸக்கியாவின் நினைப்பு பலகையில் இருந்த வட்டிலப்பத் தட்டுக்குத்தான் போனது. பிறகு றோசமேரி மிஸ்ஸின் குரல் ஞாபகம் வந்தது. இனிப்பான தண்ணி. வாசலில் இருந்த சர்பத் குவளைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, முந்தானையைத் தலையில் இழுத்துச் செருகிக்கொண்டு, பெண் வீட்டு உம்மா காலே வைக்காத இடத்தில், முந்நூறு ஆண்களுக்கு நடுவே நேராக நடந்தார். ஆண்கள் வழி விட்டார்கள். அந்த முகத்தைப் பார்த்தால் வழி விடாமல் இருக்க முடியாது.

"குடிங்க."

"சீனி…" என்றார் இஸ்ஹாக். இரண்டு வருடப் பழக்கம் அந்த நிலையிலும் பேசியது. "நீ திட்டுவா."

ஸக்கியா குவளையை அவருடைய வாயோடு வைத்தார். "திட்ட மாட்டன். முழுங்குங்க. கொஞ்சம் கொஞ்சமா. ஆ, அப்பிடித்தான்."

அவரே விழுங்குகிறாரா என்று தொண்டையைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார். குவளை முடிந்தது. பிறகு எழும்பி அத்தாஉல்லாவைப் பார்த்தார். சண்டைக்கு நிற்கிற மனிதரின் நெற்றியிலும் முத்து முத்தாக வேர்வை. நீட்டிய சுட்டுவிரல் காற்றில் கோலம் போட்டுக்கொண்டிருந்தது.

"நானா, நீங்க குளிச போட்டீங்களா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன கத?"

"சாப்பிட்டீங்களா?"

அத்தாஉல்லா மகனைப் பார்த்தார். மகன்தான் சொன்னான்.

"வாப்பா பத்து மணிக்கி ரெண்டு போட்டாரு மாமி. இஸ்ஹாக் நானாட வட்டிலப்பத்த உட ஏலாதெண்டு செல்லி. பொறகு மழ வந்திட்டு. ஒண்டும் தின்னாமத்தான் உப்பு மூடினாரு."

மூலையில் யாரோ களுக்கென்று சிரிக்க, அது வாசல் வரை பரவியது.

"இன்னொரு சர்பத்!" என்று ஸக்கியா உள்ளே பார்த்துக் கத்தினார். "இரிங்க நானா. மொதல்ல குடிங்க. சண்டய பொறகு புடிப்பம்."

அத்தாஉல்லா உட்கார்ந்தார். குடித்தார். சட்டையின் கையால் வாயைத் துடைத்தார். ஆட்கள் கலைந்து போகாமல் இருக்க இனாஸ் மௌலவி பொறுமையைப் பற்றிக் கால் மணித்தியாலம் பயான் பண்ணினார். அன்றைக்கு அதைக் கவனமாகக் கேட்டவர்கள் இரண்டு சம்பந்திகளும் மட்டும்தான். வேறு வழி இருக்கவில்லை.

பயான் முடிகிற நேரம் இஸ்ஹாக் தலையை நிமிர்த்திச் சுற்றிப் பார்த்தார்.

"ஏன் எல்லாரும் என்னயப் பாக்கிறீங்க? ஸக்கியா, நீ ஏன் ஆம்பிளைகளுக்குள்ள நிக்கிற?"

"நிக்கத்தான் வேணும். நாள் என்ன, நீங்க ஆரு, ஆருக்குக் கல்யாணம்? மௌலவிக்கிச் செல்லுங்க."

அவர் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார். கடைசிக் கேள்விக்கு மாத்திரம் குரல் கொஞ்சம் இடறியது. மௌலவிக்குத் திருப்தி. கைகள் மறுபடியும் சேர்ந்தன. கிடாரத்தின் பின்னால் நின்று கத்திப் பழகிய தொண்டையால் இஸ்ஹாக் தன் மகள் ஷிஹாராவை ரிஃபாஸுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தார். தெரு வரை கேட்டது. உள் அறையில் ஷிஹாரா அழுதாள். யன்னலுக்குத் திரும்பி வந்திருந்த ஸக்கியாவும் அழுதார். ஆனால் அவர் அழுதது கல்யாணத்துக்கு மட்டுமல்ல.

சஹன் வைத்தார்கள். சம்பந்திகள் எதிரெதிரே உட்கார்ந்து சோறு தின்றார்கள். வட்டிலப்பம் வந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். பிறகு இருவரும் யன்னலைப் பார்த்தார்கள். யன்னலில் ஸக்கியா தலையை ஆட்டினார். அத்தாஉல்லா தட்டை மெல்ல மற்ற நால்வர் பக்கம் தள்ளினார். மரியாதைக் கேடு யாருக்கும் தோன்றவில்லை.

"இனி ஆஸ்பத்திரிக்கி" என்றார் ஸக்கியா.

"அதான் சரியாகிட்டே!" என்றார் இஸ்ஹாக். "கல்யாண வீட்ட விட்டுப்போட்டு எப்பிடி?"

"இது மையத்து வீடாகாம இரிக்கணுமெண்டா போகத்தான் வேணும். எத்தின போட்டீங்க?"

"…மூண்டு."

"ஏறுங்க."

கைக்கெட்டிய வாகனம் மாப்பிள்ளைக் கார்தான். றிப்பனும் பிளாஸ்டிக் பூவும் பறக்க, பின் சீட்டில் சம்பந்திகள் இருவரும், முன் சீட்டில் ஸக்கியாவுமாக அது புறப்பட்டது. பாலாவிச் சந்தியில் லொறிக்காரர்கள் வாழ்த்துச் சொல்லி ஹோர்ன் அடித்தார்கள். அத்தாஉல்லா கண்ணாடியில் முகத்தை வைத்து வெளியே பார்த்தார். கிடுகு போட்ட உப்புக் குவியல்கள் வரிசையாக நின்றன. ஒன்றும் கரையவில்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். இஸ்ஹாக்கும் எட்டிப் பார்த்து அதையே சொன்னார். காலையிலிருந்து அவர்கள் ஒத்துப்போன முதல் விசயம் அது.

ஆஸ்பத்திரியில் றோசமேரி மிஸ் வாசலுக்கே வந்துவிட்டார்.

"கடவுளே! மாப்பிள்ளைக் காரில ரெண்டு கிழட்டு மாப்பிள்ளையா? நீங்க ரெண்டு பேரும் என்ன சொந்தம்?"

"சம்மந்தி" என்றார் இஸ்ஹாக்.

"எப்பயிருந்து?"

"ஒரு மணித்தியாலமா."

விரலில் குத்திப் பார்த்துவிட்டு மிஸ்ஸின் சிரிப்பு நின்றது. டொக்டரைக் கூப்பிட்டார். அடுத்தடுத்த கட்டிலில் இருவரையும் படுக்க வைத்தார்கள். "சர்பத் கொஞ்ச நேரத்தில முடிஞ்சிரும் அம்மா. குளிச முடியாது. அது நாள் முழுக்க வேல செய்யும், திரும்பவும் இறக்கும். நல்ல காரியம் கூட்டிட்டு வந்தது. இண்டைக்கு ரெண்டு பேரும் இஞ்சதான், அடிக்கடி பாக்கணும்." பிறகு இஸ்ஹாக் பக்கம் திரும்பினார். "ஆரு உங்களுக்கு மூண்டு போடச் சொன்னது?"

"ஒரு கைக்கணக்கில…"

"கைக்கணக்கு உங்கட கிடாரத்துக்கு. இதுக்கு டொக்டர்ட கணக்கு. விளங்கிச்சா?"

இஸ்ஹாக் சட்டைப் பையிலிருந்து ஏலக்காய் டின்னை எடுத்து, கேட்காமலே ஸக்கியாவிடம் நீட்டினார். அதைப் பார்த்த அத்தாஉல்லா இடுப்பு வாரைத் துழாவி ஒரு கடதாசிப் பொட்டலத்தை எடுத்தார்.

"தங்கச்சி, என்டதயும் வெச்சிக்கங்க. ஒங்கள்ட்ட இரிந்தாத்தான் பத்திரம்."

"ஐயோ நானா, ஒங்கடத ஒங்கட வீட்டுக்காரிக்கிட்டக் குடுங்க. ரெண்டும் ஒண்டாக் கலந்தா நாளைக்கி ஆரு எதப் போடுற?"

மிஸ் கை தட்டாத குறை.

பொழுது சாயுமுன் மாப்பிள்ளையும் பெண்ணும் வந்தார்கள். ஷிஹாரா கல்யாணச் சேலையிலேயே வந்திருந்தாள். வார்ட்டில் இருந்த நோயாளிகள் எல்லோரும் எழும்பி உட்கார்ந்தார்கள். அவள் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு சின்னப் பாத்திரத்தைத் திறந்தாள்.

"எல்லாம் முடிஞ்சி உம்மா. ஆக்கள் தட்ட வழிச்சித் திண்டுட்டாங்க. இந்த ஒரு துண்டுதான் மிஞ்சின."

ஏலமும் கித்துளும் மணத்தன. இரண்டு கட்டிலிலும் இரண்டு தலை மெல்ல நிமிர்ந்தது. மிஸ் தூரத்திலிருந்து கண்ணைக் காட்டினார். ஸக்கியா பாத்திரத்தை வாங்கிக் கதிரையில் உட்கார்ந்தார். கரண்டியால் ஓரத்தை வெட்டித் தன் வாயில் போட்டார்.

இஸ்ஹாக் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் ஆசையோடு. பிறகு அது மாறியது. ஸக்கியா கண்ணை மூடி, அந்தச் சின்னத் துண்டை நாக்கில் வைத்துக் கரைய விட்ட விதத்தில் ஏதோ ஒன்று அவருக்குத் தட்டுப்பட்டது.

"நீ கடைசியா எப்ப திண்ட?"

ஸக்கியா இன்னொரு கரண்டி எடுத்தார்.

"ரெண்டு வருசமா நீயுமா தின்னல்ல? ஒனக்குத்தான் சீனி இல்லயே!"

"ஒங்களுக்கு முன்னால எப்பிடித் திங்கிற?"

இஸ்ஹாக் கூரையைப் பார்த்தார். பிறகு, ஊருக்கெல்லாம் சமைத்தும் ஒருவரிடமும் கேட்டிராத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"எப்பிடி இரிக்கி?"

ஸக்கியா பாத்திரத்தை வழித்து, கரண்டியை நக்கிவிட்டுச் சொன்னார்:

"இனிப்புக் கொஞ்சம் கூடிட்டு."